பத்து அவதாரமும் என் வலது கையும்

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு ரகசியத்தையாவது வைத்துக்கொள்வது என்று ஐம்பத்தெட்டாவது வயதில் சங்கல்பம் செய்துகொண்டேன்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். அதுவரை என்னிடம் இருந்த ரகசியங்கள் இரண்டு. இரண்டையும் என்னிடம் சொன்னதே அவள்தான்.

இது அப்படியல்ல. என் சொந்தச் சம்பாத்தியம். என் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

நான் பெயர்ப்பலகை எழுதுபவன். கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், லாரியின் முதுகு, எல்லாவற்றிலும் என் எழுத்து உண்டு. நான் கோடு போட்டால் அளவுகோலே வெட்கப்பட்டு நிமிர்ந்து உட்காரும் என்று தொழிலில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

நடுக்கத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர். 'வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்' என்று அவருக்கு ஒரு பலகை எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு நாலடி போய்ப் பார்த்தார்.

"ஓவியரே, எழுத்தெல்லாம் பயந்து நடுங்கற மாதிரி இருக்கே. இதைப் படிச்சிட்டு எவன் உள்ளே வருவான்?"

"இது புதுப் பாணி டாக்டர்."

"பழைய பாணியிலயே எழுதுங்க."

எழுத முடியவில்லை. மறுநாள் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, கொசுவர்த்திச் சுருள் மாதிரி வட்டம் போடச் சொன்னார். போட்டேன். யாரோ மிதித்த கொசுவர்த்தி மாதிரி இருந்தது.

"பயப்படற வியாதி இல்லை. சில பேருக்கு வயசானா வரும். கை சும்மா இருந்தா சும்மா இருக்கும். வேலை செய்யப் போனா ஆடும்."

"அப்ப சோம்பேறிக் கைன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. "மாத்திரை தரேன். கொஞ்சம் குறையும், முழுசாப் போகாது. ஏணி, சாரம், எதுலயும் ஏறாதீங்க. முக்கியமா, வீட்டுல சொல்லிடுங்க."

மாத்திரையை விழுங்கினேன். கடைசி மருந்து மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எந்த விஷயத்திலும் கடைசிச் சொல் அவளுடையது. முதல் சொல்லும் அவளுடையதுதான். நடுவில் நான் இருமிக்கொள்ளலாம். ஆனால் கோடு என்று வந்துவிட்டால் அது என் ராஜ்யம். அவள் ஒரு துணிக்கடைக்குக் கைப் பூவேலை செய்து கொடுக்கிறவள். ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால் நிழல் நகர்வது தெரியாது. பெரிய பலகை வந்தால் நான் எழுத்துக்கு ஓரம் கட்டுவேன், உள்ளே வண்ணத்தை அவள் நிரப்புவாள். இருபது வருஷமாக நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்புவது ஒரு வேலையா? வாளியில் தண்ணீர் நிரப்புவது போல என்று எண்ணியிருந்தேன். நான் அவளிடம் ஒரு நாள்கூட 'நன்றாயிருக்கிறது' என்று சொன்னதில்லை.

அந்தக் கோடும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

சரியாக அந்த வாரம் பார்த்து அவதாரங்கள் வந்து சேர்ந்தன.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஒரு பிரார்த்தனைக் கூடம் கட்டியிருந்தார்கள். அதன் செயலாளர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளக்கும் டேப் இருக்கும். வாமனர் உலகத்தைக் காலடியால் அளந்தார், இவர் டேப்பால் அளப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் எங்கள் மேஜையை அளந்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பத்து அவதாரம். பத்துக் கட்டம். ஒவ்வொண்ணும் அஞ்சடி அகலம், பன்னண்டடி உயரம். மூணு மாசத்துல திறப்பு விழா. உங்களுக்கு மச்சம் ஓவியரே! இவ்வளவு பெரிய சுவர் வேற யாருக்குக் கிடைக்கும்?"

"முதல் அவதாரமே மச்சம்தானே சார்!"

நாங்கள் இருவரும் சிரித்தோம். டீ கொண்டு வந்த என் மனைவி சிரிக்கவில்லை.

"சாரம் எவ்வளவு உயரம் சார்?" என்று கேட்டாள்.

"ரெண்டு ஆள் உயரம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "செய்வீங்களா?"

"இதென்ன கேள்வி? நான் செய்யாம வேற யார் செய்வா?"

"சரி."

என் மனைவி 'சரி' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால் அது சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அது உறைக்கவில்லை. சுவர் கிடைத்த மிதப்பு.

மறைக்கும் வேலை மறுநாளே தொடங்கியது. முதலில் சவரம். நடுங்கும் கையில் சவரக் கத்தியைப் பிடித்தால் அவதாரம் வரையும் முன்பே அவதாரபுருஷனைப் பார்த்துவிடுவேன். தாடி விட்டேன்.

"என்னங்க இது, நாலு நாளா முகம் கரித்துணி மாதிரி இருக்கு?"

"விரதம். சாமி படம் முடியற வரைக்கும் சவரம் கிடையாது."

"மௌன விரதம் எடுத்திருக்கலாமே. சாமிக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அடுத்தது டீ. முழு டம்ளரைத் தூக்கினால் பாதி தரையில் இருந்தது. "இனிமே அரை டம்ளர் போதும், உடம்புக்கு நல்லது" என்றேன். மறுநாள் கைப்பிடி வைத்த கனமான கோப்பை ஒன்று வந்தது. டம்ளர்கள் நசுங்கிவிட்டனவாம். இரண்டு கையாலும் வாகாகப் பிடித்துக் குடிக்க முடிந்தது. மூன்றாவது, சட்டைப் பட்டன். காலையில் ஒரு பட்டன் போடக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு நாள் பார்த்தால் என் சட்டைகள் எல்லாவற்றிலும் பட்டன்கள் பெரிதாகியிருந்தன.

"சின்ன பட்டன் கடையில தீர்ந்து போச்சு. இதுதான் இருந்துச்சு" என்றாள்.

கடவுள் என் பக்கம் இருக்கிறார் என்று தீர்மானித்தேன். இல்லாவிட்டால் நான் மறைக்க மறைக்க வீட்டில் ஒவ்வொன்றாக இப்படிக் கூடி வருமா?

சுவரில் வேலையும் கூடி வந்தது. மச்சத்துக்கு உடம்பெல்லாம் செதில், சுற்றிலும் அலை. அலை நடுங்கினால்தான் அலை. கூர்மம் இன்னும் சுலபம். முப்பத்தொரு வருஷமாக வீட்டில் 'ஆமாம், ஆமாம்' என்றே காலம் தள்ளியவனுக்கு ஆமை வராதா? வராகத்துக்கு முரட்டு மயிர். நரசிம்மத்துக்குப் பிடரி. தூணைப் பிளந்துகொண்டு வருகிற கோபத்தில் பிடரி ஆடத்தானே வேண்டும்? கை தானாக ஆடிக் கொடுத்தது. செயலாளர் வந்து பார்த்து, "ஆவேசம் அப்படியே இருக்கு ஓவியரே!" என்றார். விலங்குகள் எல்லாம் என்னை மன்னித்துவிட்டன.

ஐந்தாவது கட்டத்தில் மனிதன் வந்தான். அங்கே மாட்டிக்கொண்டேன்.

வாமனன் சின்னப் பையன். குடையும் கமண்டலமும் போட்டுவிட்டேன். முகத்துக்கு வட்டமும் வந்துவிட்டது. கண் வரவில்லை. உலகத்தையே கேட்கப் போகிற பையன், அந்தக் கண்ணில் பணிவும் இருக்க வேண்டும், பணிவுக்குப் பின்னால் வானமும் இருக்க வேண்டும். என் கை போட்ட கண்ணில் மாறுகண்தான் இருந்தது. ஒரு விழி மகாபலியைப் பார்த்தது. மற்றது வாசலில் விட்ட செருப்பைப் பார்த்தது. துடைத்தேன். திரும்பப் போட்டேன். துடைத்தேன். சாரத்தின் மேல் பலகையில் உட்கார்ந்து, அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

மதியம் ஒரு மணிக்கு அந்த மாறுகண்ணை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்தைப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தூங்குவது என் வழக்கம். அந்த நேரத்தில் என் மனைவி முடித்த துணிகளைக் கடையில் கொடுத்துவிட்டு வருவாள்.

நாலு மணிக்குப் போய்க் கூடத்தைத் திறந்தேன்.

வாமனன் என்னைப் பார்த்தான்.

கண் நேராகியிருந்தது. நேரானது மட்டுமல்ல, பணிவும் இருந்தது, வானமும் இருந்தது. கீழிமையில் மயிரிழை போல ஒரு கோடு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல். நான் பூட்டைப் பார்த்தேன். நான் வந்தபோது அது பூட்டியேதான் இருந்தது. சாவி என் பையில். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புத்திசாலியான வாசகர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். நான் புத்திசாலி இல்லை. கணவன்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். உதட்டைக் கோணலாக விட்டுவிட்டு வந்தேன். மாலையில் உதடு புன்னகைத்தது. எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. யானைக்காகவும் பிள்ளைக்காகவும் ஓடி வந்தவர், ஒரு பெயர்ப்பலகைக்காரனுக்காக ஓடி வரமாட்டாரா? அதுவும் அவருடைய படம். தன் மூஞ்சி கெட்டுப்போவதை எவர்தான் பார்த்துக்கொண்டிருப்பார்?

இவ்வளவு பெரிய விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்று மாலை மனைவி ஜன்னலோரம் பூவேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்தா, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க. சிரிக்கறதா வேண்டாமான்னு கேட்டுட்டு முடிவு பண்றேன்."

"அந்தக் கூடத்துல என்னவோ இருக்கு."

"பல்லியா?"

"விளையாடாதே. சாமி இருக்கார். நான் விட்டுட்டு வர்ற இடத்தை அவர் முடிச்சு வைக்கறார்."

ஊசி நின்றது.

"நீங்க எதுக்கு விட்டுட்டு வர்றீங்க?"

"அது... அசதி. வெயில்."

"ஓகோ. சாமி நல்லா வரையறாரா?"

"நல்லாவா? அந்தக் கண்ணை நீ பார்க்கணும். முப்பத்தஞ்சு வருஷத்துல என் கை ஒரு நாளும் அப்படி ஒரு கோடு போட்டதில்லை."

"நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா."

"உங்களைவிட நல்லாவா?"

"என்னைவிட நூறு மடங்கு! அது கையே இல்லை. அது வேற."

அவள் குனிந்துகொண்டாள். நூல் ஊசியிலிருந்து நழுவியிருந்தது. மூன்று தடவை கோர்க்கப் பார்த்தாள். முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரண்டாவது கோப்பை டீ கேட்காமலே வந்தது.

அடுத்த கட்டம் பரசுராமன். அவன் கையில் கோடாலி. என் கையிலோ கோடு ஆடி. சாமி வந்து கோடாலியைக் கூர்தீட்டிவிட்டுப் போனார். ஏழாவது ராமன். ராமன் முகம் முடிந்த அன்று செயலாளர் வந்தார். டேப்பை வெளியே எடுத்தார். சுவரைப் பார்த்தார். டேப்பைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"இந்த முகத்தை அளக்க முடியாது ஓவியரே" என்றார்.

என்னவோ போல இருந்தது. பாராட்டு எனக்கு, வேலை சாமிக்கு. ஒரு நன்றியாவது நேரில் சொல்ல வேண்டாமா? எட்டாவது படமான பலராமனின் முகத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்த மதியம், சாப்பிட்டுப் படுத்தேன். மனைவி துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியிருப்பாள் என்று தோன்றியதும் எழுந்தேன். முகம் கழுவினேன். இறைவனைப் பார்க்கப் போகிறேன் என்று சுத்தமான சட்டை போட்டுக்கொண்டேன்.

கூடத்து வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு. அந்தத் தேய்மானத்தை முப்பத்தொரு வருஷமாக எனக்குத் தெரியும். பூட்டில் செயலாளரிடம் இருக்கும் இன்னொரு சாவி தொங்கியது.

கதவு இடுக்கில் பார்த்தேன்.

அவள் சாரத்தின் மேல் பலகையில் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி, அடுக்களையில் மேல் தட்டு டப்பாவை எடுக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவள். முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும் அவளுக்கு. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைச் சாரக் கம்பத்தில் கட்டியிருந்தாள். கீழே பார்க்காமலிருக்கச் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். இடது கை கம்பத்தை இறுகப் பிடித்திருந்தது. அந்தக் கை நடுங்கியது. கால் நடுங்கியது. தூரிகை பிடித்த வலது கை மட்டும் கல்லில் வடித்த மாதிரி அசையாமல் நின்றது.

"கொஞ்சம் பொறுங்க, இதோ ஆச்சு" என்று பலராமனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்களை முடிச்சிட்டு நான் இறங்கணும். அவர் எழுந்திருக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள். ஓசைப்படாமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். பின்பக்கம் போய் மண்ணெண்ணெயில் கை கழுவினாள். அந்த வாசனை இத்தனை நாளும் வீட்டில் இருந்திருக்கிறது. என்னுடைய வாசனை என்று நினைத்திருந்தேன்.

அன்று முழுக்க யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் கை அம்பலமாகும். சொல்லாவிட்டால் அவள் ஒரு நாள் விழுந்துவிடுவாள். சொல்லாமலே அவளைத் தரைக்குக் கொண்டு வர ஒரு வழி வேண்டும். கண்டுபிடித்தேன். கல்யாணமான நாள் முதல் அவளுக்குத் தெரியாமல் நான் கண்டுபிடித்த முதல் வழி அது. பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாவது கட்டத்தில் குழலூதி நிற்க வேண்டிய கண்ணனைத் தவழ்கிற குழந்தையாக்கிவிட்டேன். பன்னிரண்டடிக் கட்டத்தின் அடிப்பக்கம் ஒட்டிக் கண்ணன். தரையில் நின்றபடியே முகத்தைத் தொட்டுவிடலாம். மேலே எல்லாம் வெறும் ஆகாயம்.

செயலாளர் டேப்போடு வந்தார். "ஒம்பதடி வானம் சும்மா கிடக்கே!"

"வாயில உலகத்தையே வச்சிருக்கற குழந்தை சார். அதுக்கு வானம் கொஞ்சம் தாராளமா வேணும்."

"குழந்தை நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

பத்தாவது கல்கி. வெள்ளைக் குதிரை மேல் வாளோடு பாய்ந்து வர வேண்டும். அப்படிப் போட்டால் முகம் உத்தரத்தில் இருக்கும். குதிரையை உட்கார வைத்தேன். நாலு காலையும் மடக்கிக்கொண்டு நிம்மதியாக இளைப்பாறுகிற குதிரை. பக்கத்தில் தரையில் சாய்ந்து கல்கி.

செயலாளர் வெகு நேரம் பார்த்தார். "குதிரை ஏன் உட்கார்ந்திருக்கு?"

"கல்கி இன்னும் வரலை இல்லையா சார்?"

"ஆமா."

"வர்ற வரைக்கும் அது நின்னுக்கிட்டே இருக்கணுமா? வாயில்லா ஜீவன்."

அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். கல்கியின் முகம் மட்டும் பாக்கி. வழக்கம் போல வந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன், குறட்டையும் விட்டேன். மனைவி கிளம்பவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க."

குறட்டையை உரக்க விட்டேன்.

"நீங்க நிஜமாத் தூங்கினா இப்படித் தாளம் தப்பாது. எந்திரிங்க."

எழுந்தேன்.

"அன்னைக்குக் கதவுப் பக்கம் நிழல் விழுந்துச்சு. நீங்கதான்னு தெரியும்" என்றாள். "கண்ணனைத் தவழ விட்டப்போ நிச்சயமாச்சு. குதிரையை உட்கார வச்சீங்க பாருங்க, அப்ப எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு."

"கை விஷயம்... எப்போ தெரியும் உனக்கு?"

"உங்களுக்குத் தெரியறதுக்கு ஆறு மாசம் முன்னாடி. எண்ணெய் பாட்டில் மூடியை நீங்க திறந்து கொடுத்தப்போ. பட்டனை மாத்தினேன். கோப்பையை மாத்தினேன். சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தாடி வளர்ந்ததுதான் மிச்சம்."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா பொய் சொல்லியிருப்பீங்க. பொய் சொன்னதுக்காக நாலு நாள் என் முகத்தைப் பார்க்காம இருப்பீங்க. எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "அதுக்காக? உனக்கு முக்காலி ஏறினாலே மயக்கம் வரும்! அந்த உசரத்துல ஏன் ஏறினே?"

"நீங்க இறங்கணும்னுதான் நான் ஏறினேன்" என்றாள்.

மௌன விரதம் அப்போது தானாகவே வந்தது.

இருவருமாகக் கூடத்துக்குப் போனோம். கல்கி முகமில்லாமல் காத்திருந்தான். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வலது கண்ணைப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சை இழுத்து நிறுத்தி, கோடு முடிந்த பிறகுதான் விடுகிறாள். முப்பத்தைந்து வருஷத் தொழிலில் எனக்குத் தெரியாத சங்கதி அது. ஊசி கற்றுக் கொடுத்தது போலிருக்கிறது.

"நல்லா இருக்கு" என்றேன்.

"யாரு, சாமியா?"

"இல்லை. நீ வரையறது. ரொம்ப நல்லா இருக்கு. எத்தனையோ வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவள் தூரிகையை என் கையில் கொடுத்தாள். "இன்னொரு கண்ணு நீங்க போடுங்க."

"ஆடுமே."

"ஆடட்டும். நான் பிடிச்சுக்கறேன்."

என் மணிக்கட்டின் மேல் அவள் கை விழுந்தது. கோடு இழுத்தோம். கொஞ்சம் அசைந்தது. அசைந்தது என்று தெரியாத அளவுக்கு அசைந்தது. இன்றைக்கும் அந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள், கல்கியின் இடது கண்ணில் உயிர் ததும்புகிறது என்கிறார்கள்.

அன்று மாலை ஒரு முடிவு செய்தேன். இத்தனை நாளும் எல்லாவற்றிலும் அவள் என்னை முந்திவிட்டாள். ஒரே ஒரு விஷயம் பாக்கி. மறுநாள் மேடையில் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அவள் எதிர்பார்த்திருக்கவே மாட்டாள். தடுக்கவும் முடியாது. அவளிடம் மூச்சு விடவில்லை. தாடியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். அவளே எடுத்துவிட்டாள், ஒரு கீறல் இல்லாமல்.

கூடம் நிறைந்திருந்தது. வரவேற்புரை ஆயிற்று. பெரியவர் ஒருவர் அவதாரங்களைப் பற்றிப் பேசினார். செயலாளர் எனக்குச் சால்வை போட்டார். கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் நானே ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இந்தச் சால்வை எனக்குச் சேராது. என் வலது கை நடுங்குது. ஒரு வருஷமா நடுங்குது. மறைச்சுட்டேன். இந்தச் சுவர்ல வாமனன்லேர்ந்து நீங்க பார்க்கற ஒவ்வொரு முகமும் என் மனைவி வரைஞ்சது. உசரம்னா பயப்படறவங்க. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறி வரைஞ்சாங்க. நான் அவங்களைத் தெரிஞ்சுக்காம, சாமி வந்து வரையறார்னு நினைச்சேன்..."

இரும நினைத்தேன். வரவில்லை.

"அப்படி நினைச்சது தப்பும் இல்லை" என்று முடித்து, சால்வையை எடுத்துக்கொண்டு இறங்கி, முதல் வரிசையில் இருந்த அவள் தோளில் போட்டேன். கூடமே எழுந்து நின்று கை தட்டியது. அவள் கண்ணில் நீர் வழிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாக, அவளுக்குத் தெரியாத ஒன்றைச் செய்து ஜெயித்துவிட்டேன்.

செயலாளர் அருகில் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். "பிரமாதம் ஓவியரே. ஆனா மூணு நிமிஷம் கூடிடுச்சு."

"என்ன கூடிடுச்சு?"

"உங்களுக்கு ஒதுக்கினது ரெண்டு நிமிஷம். உங்க வீட்டம்மா அப்பவே அஞ்சு நிமிஷம் போடச் சொன்னாங்க, நான்தான் கேக்கலை."

அவர் நீட்டிய அச்சடித்த நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தேன். வரவேற்புரை, சொற்பொழிவு, சால்வை அணிவித்தல், அதற்கு அடுத்த வரி:

'ஓவியர் உண்மையைச் சொல்லுதல்: 2 நிமிடம்.'